கெங்கம்மா வீட்டுக்குக் கறுப்புப் புள்ளி

'பயிற்சிப் பட்டறை' என்று ரிஃபானா அதற்குப் பெயர் வைத்திருக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை டியூஷன் முடிகிற நேரத்தில், "நாளைக்குப் பாடம் கிடையாது. நாளைக்குப் பட்டறை" என்று அவள் சொன்னதும் பதினாலு பிள்ளைகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் வசிக்கும் கல்மண்டபம் பக்கத்தில் பட்டறை என்றால் லேத் பட்டறை ஒன்றுதான்.

மறுநாள் சாயங்காலம் நாலாம் வகுப்பு நிலவன், முழங்கை வரை வருகிற கையுறையும் கையில் ஒரு ஸ்பேனருமாக வந்து நின்றான்.

"இது எதுக்குடா?"

"நீங்கதான மிஸ் பட்டறைன்னீங்கோ. கிளவுஸ் போடாம போனா உள்ள வுட மாட்டாங்கன்னு எங்கப்பா குடுத்து அனுப்னாரு."

ரிஃபானாவுக்கு இருபத்தாறு வயது. பகலில் ஒரு தனியார் பள்ளியில் வேலை. சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு வரை, ஹவுசிங் போர்டு பி பிளாக்கின் கீழ்த்தளத்தில், குடியிருப்போர் சங்கத்து அறையில் டியூஷன். இரண்டாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள். வீட்டுப்பாடம் முடிய வேண்டும், வாய்ப்பாடு ஒப்பிக்க வேண்டும், பெற்றோருக்கு அவ்வளவுதான் கணக்கு. இரண்டு வருடமாக அதையே செய்து செய்து, ஒருநாள் பஸ்ஸில் தூங்கி விழுந்தவள் "எட்டேழு அம்பத்தாறு" என்று சத்தமாகச் சொல்லி, பக்கத்து சீட்டுக்காரர் "கரெக்ட்டும்மா" என்று தட்டி எழுப்பிய பிறகுதான், சனிக்கிழமைகளில் வேறு ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று முடிவு செய்தாள்.

அவள் கொண்டுவந்த யோசனை வரைபடம். "மேப்புல டெல்லி இருக்கு, லண்டன் இருக்கு. நம்ம பிளாக் எங்க இருக்கு? இல்ல. அதை நாமதான் வரையணும்" என்றாள். "ஒரே ஒரு விதி. இருக்கிறதைத்தான் போடணும். இல்லாததைப் போடக் கூடாது."

யாரோ ஒருவருடைய காதுகுத்து விழா பேனர் மொட்டை மாடியில் பழைய சாமான்களை மழைக்கு மூடிக் கிடந்தது. அதைக் கீழே கொண்டுவந்து கழுவி, முன்பக்கத்து நாற்பது முகங்களைத் தரையைப் பார்க்கப் போட்டு, பின்பக்கத்து வெள்ளையில் வேலையை ஆரம்பித்தார்கள். நாலு பிளாக்கும், மோட்டார் ரூமும், மெயின் ரோடும், ரோட்டுக்கு அப்பால் துறைமுகத்து மதில் சுவரும் முதல் வாரமே வந்துவிட்டன. கையெழுத்து அழகாக இருந்ததால் எழுதுகிற வேலை ஐந்தாம் வகுப்பு ஷெர்லினுக்கு. அளக்கிற வேலை நிலவனுக்கு. அவன் ஸ்பேனரால் அளந்தான்.

இரண்டாவது வாரம் நிறங்கள். கடிக்கிற நாய் இருந்தால் சிவப்பு. கேட்டால் குடிக்கத் தண்ணீர் தருகிற வீடு பச்சை. கன்டெய்னர் லாரி திரும்பும்போது ஒதுங்க இடமில்லாத முனை மஞ்சள். கடைகளுக்கு நிறம் பத்தாமல் குறிப்பு எழுதினார்கள். வாசலில் இட்லிக் கடை போட்டிருக்கும் அடைக்கலமேரிக்கு, 'இட்லி சூடு. சட்னி கம்மி.' சைக்கிள் கடை சௌக்கத் அலி பாய்க்கு, 'பம்ப் தருவார். திட்டிகினே தருவார்.'

அன்றைக்கு ரிஃபானாவின் பள்ளியிலிருந்து ஓயாமல் போன் வந்துகொண்டிருந்தது. முடித்துவிட்டு உள்ளே வருவதற்குள் பிள்ளைகள் வேலையை முடித்து, பேனரைத் தூக்கி, மோட்டார் ரூம் சுவரில் கட்டிவிட்டிருந்தார்கள். தூரத்திலிருந்து பார்க்க அழகாகத்தான் இருந்தது. அவள் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

மோட்டார் ரூம் என்பது தண்ணீருக்குக் குடம் வரிசை போடுகிற இடம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள் நாலு பிளாக் ஜனமும் வரைபடத்தைப் படித்து முடித்துவிட்டது.

திங்கட்கிழமை ஐந்து மணிக்கு ரிஃபானா வந்தபோது, பிள்ளைகள் எல்லாம் பையோடு வெளியே நின்றார்கள். பூட்டிய கதவுக்கு முன்னால் கெங்கம்மா நின்றிருந்தாள். ஐம்பத்திரண்டு வயது, சங்கத் தலைவி, சாவி எப்போதும் அவள் இடுப்பில்தான்.

"வா டீச்சரு. எம்பத்தி நாலு வூடு கீது இந்த பிளாக்குல. பச்ச கீது, மஞ்சா கீது, செவப்பு கீது. எனக்கு மட்டும் கறுப்பு. இன்னாது அது?"

ரிஃபானாவுக்குக் கறுப்பு என்று ஒரு நிறம் இருந்ததே தெரியாது. போய்ப் பார்த்தாள். முதல் மாடி, ஏழாம் நம்பர் வீட்டின் மேல் கட்டைவிரல் அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி. ஓரத்தில் ஷெர்லினின் முத்து முத்தான எழுத்தில்: 'கறுப்பு: பந்து போனா போனதுதான்.'

"யாரு எழுதுனது?" என்றாள் கெங்கம்மா.

பதினாலு தலைகளும் குனிந்தன. பிறகு ஒரு தலை நிமிர்ந்தது. இரண்டாம் வகுப்பு அஜீசா, கூட்டத்திலேயே சின்னவள், பொய் சொல்ல இன்னும் பழகாதவள்.

"எழுதுனது ஷெர்லின் அக்கா. ஆனா எல்லாரும் கை தூக்குனோம் பெரிம்மா. பதினாலு கை."

தண்ணீர் வரிசையில் நின்றவர்களில் யாரோ சிரித்தார்கள். கெங்கம்மாவின் முகம் சுருங்கியது. அவள் கத்துவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவள் கத்தவில்லை. "அத்த அழிச்சிட்டு வந்து சாவி வாங்கிக்கோ டீச்சரு" என்று மட்டும் சொல்லிவிட்டு மாடியேறிப் போய்விட்டாள்.

ரிஃபானா பிள்ளைகளைப் படிக்கட்டில் உட்கார வைத்தாள். "சரி, அதை அழிச்சிடலாம்" என்றாள்.

ஷெர்லின் எழுந்து நின்றாள். "ஏன் மிஸ், பொய்யா அது?"

"பொய்யின்னு சொல்லல…"

"பந்து தரவே மாட்றாங்களே மிஸ். இருக்கிறதைத்தான் போடணும்னு நீங்கதான சொன்னீங்கோ."

"என்து மட்டும் மூணு பந்து உள்ள கீது," என்றான் நிலவன். "ஒண்ணு எங்க மாமா பொறந்தநாளுக்கு வாங்கிக் குடுத்தது. ரெண்டே பால்தான் போட்டேன்."

 தான் சொன்ன விதியைத் தானே மறுக்க ரிஃபானாவுக்கு வழி தெரியவில்லை. கறுப்பு மார்க்கர் எளிதில் அழியாத வகை என்பது வேறு விஷயம்.

மூன்று நாள் படிக்கட்டிலேயே டியூஷன் நடந்தது. நடந்தது என்று சொல்ல முடியாது. தண்ணீர்க் குடம் மேலே போனால் எல்லோரும் எழுந்து சுவரோரம் ஒட்ட வேண்டும். காலி கேஸ் சிலிண்டர் கீழே வந்தால் எல்லோரும் எழுந்து கைப்பிடியோரம் ஒட்ட வேண்டும். ஏழாம் வாய்ப்பாட்டில் 'ஆறேழு நாப்பத்தி ரெண்டு' தாண்டி ஒருநாளும் போக முடியவில்லை. சரியாக அந்த இடத்தில் ஒரு சிலிண்டர் வந்தது.

இதற்கிடையில் வேறொரு தொல்லை தொடங்கியிருந்தது. செவ்வாய்க்கிழமை அடைக்கலமேரி ஒரு தூக்குச் சட்டியோடு படிக்கட்டுக்கு வந்தாள்.

"இன்னாம்மா, சட்னி கம்மின்னு போட்டுகீறீங்கோ? காத்தாலேர்ந்து வர்றவன்லாம் அத்தயே கேக்கறான். இந்தா, எல்லாரும் தின்னு பாருங்கோ. அப்பால மாத்தி எழுதுங்கோ."

பிள்ளைகள் தின்று பார்த்தார்கள். ஷெர்லின் விரலை நக்கிவிட்டு, "ஒருநாள் குடுத்தா பத்தாது ஆன்ட்டி. ஒரு வாரம் பாக்கணும்" என்றாள். அடைக்கலமேரி ரிஃபானாவைப் பார்த்தாள். ரிஃபானா வாய்ப்பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை சௌக்கத் அலி பாய் வந்தார். "நான் எப்போ திட்னேன்? சொல்லுங்கடா கஸ்மாலங்களா, நான் எப்போடா திட்னேன்?" என்று கேட்டார். பதினாலு பேரும் சிரித்த சிரிப்பில் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, இருந்துட்டுப் போவட்டும். பம்ப் தருவார்ன்றத கொஞ்சம் பெருசா எழுதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை வருகைப் பதிவு எடுக்கும்போது பதின்மூன்று பேர்தான் இருந்தார்கள்.

"அஜீசா எங்க?"

"மேல போய்ச்சி மிஸ்," என்றான் நிலவன். "பெரிம்மா வூட்டுக்கு."

ரிஃபானா இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினாள். ஏழாம் நம்பர் வாசலில் அஜீசா நோட்டும் பென்சிலுமாக நின்றுகொண்டிருந்தாள். கதவைப் பாதி திறந்தபடி கெங்கம்மா.

"பெரிம்மா, பந்த ஏன் தர மாட்றீங்கோ?"

ரிஃபானாவுக்கு மூச்சு வாங்கியது. அந்தக் கேள்வியை இதுவரை யாருமே கேட்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவளும் கேட்கவில்லை. அழிக்கலாமா கூடாதா என்று மூன்று நாளாக மண்டையை உடைத்துக்கொண்டாளே தவிர, மாடியேறி வந்து ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

கெங்கம்மா உதட்டில் விரலை வைத்தாள். "மெதுவா பேசு. செருப்ப அங்க வுட்டுட்டு உள்ள வா. நீயும் வா டீச்சரு."

உள்ளே சாயங்கால வெயிலே இல்லை. ஜன்னலுக்கு இரண்டு போர்வைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஆணியடித்து மாட்டியிருந்தது. ஒரே அறை. ஜன்னலை ஒட்டிய கட்டிலில், கண்ணுக்கு மேல் துண்டைக் கட்டிக்கொண்டு ஒருவர் படுத்திருந்தார். கெங்கம்மாவின் கணவர் கோதண்டம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர்.

"நைட்டு டூட்டி," என்று கிசுகிசுத்தாள் கெங்கம்மா. "காலைல பத்து மணிக்கு வந்து, குளிச்சி துன்னுட்டு படுக்க பன்னண்டு ஆய்டும். கண்ண மூடி நாலு மணி நேரம் ஆவாது, உங்க இஸ்கூல் வுட்ரும். டமார்னு கிரில்லுல ஒரு பந்து. எழுந்து குந்திக்குவாரு. அப்பால தூக்கம் வராது. தூக்கம் இல்லாம அம்மாம் ஒசரத்துல போய் குந்திகினு கன்டெய்னர் பொட்டி தூக்கணும். கண்ணு அசந்தா கீழ கீறவன் கதி இன்னா? மூணு வருசமா வேற எடத்துல ஆடுங்கடான்னு கத்தறேன். கெங்கம்மான்னா கத்தும்னு சொல்லிட்டுப் போய்க்கினே இருக்கானுங்கோ. அதான் வர்ற பந்த வர்ற பந்த உள்ள போட்டுகினேன். பந்து இல்லன்னா ஆட மாட்டானுங்கோன்னு பாத்தேன். தெனம் புதுசு வாங்கினு வரானுங்கோ."

அஜீசா இதையெல்லாம் யோசித்துப் பார்த்தாள். பிறகு அவளும் கிசுகிசுத்தாள். "எத்தினி கீது பெரிம்மா?"

கெங்கம்மா குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்து ஓர் அரிசிச் சாக்கைச் சத்தமில்லாமல் இழுத்தாள். அஜீசா ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். இருபத்து மூன்று பந்து, இரண்டு இறகுப் பந்து, யாருடையது என்றே தெரியாத ஒரு செருப்பு. 'செருப்பு 1' என்று நோட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது கோதண்டம் புரண்டு படுத்து ஒரு குறட்டை விட்டார்.

அஜீசா நோட்டைப் போட்டுவிட்டு ரிஃபானாவின் துப்பட்டாவுக்குள் புகுந்துகொண்டாள். "மிஸ், லாரி வருது!"

கெங்கம்மா முந்தானையை வாய்க்குள் அடைத்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்துச் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். ரிஃபானாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நான் முதல்லயே படத்தைப் பாத்திருக்கணும்க்கா. உங்ககிட்ட வந்து கேட்டிருக்கணும். தப்பு என்னுது."

கெங்கம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீ ரூம் கேட்டு வந்தப்போ சங்கத்துல எத்தினி பேர் வாணாம்னாங்கோ தெரியுமா? புள்ளைங்கோ வந்தா எடம் கலீஜ் ஆவும்னாங்கோ. நான்தான் படிக்கிற புள்ளைங்கோ, குடுத்தே ஆவணும்னு நின்னேன். அந்தப் புள்ளைங்களே பதினாலு கையத் தூக்கி எனக்குக் கறுப்பு வெச்சிட்டாங்கோ. அதான் பேஜாரா பூட்ச்சி."

கீழே வந்த பிறகும் அஜீசா கிசுகிசுப்பாகவே செய்தி சொன்னாள். அதனாலேயே பதின்மூன்று பேரும் தலையை ஒட்டவைத்துக்கொண்டு கேட்டார்கள். கேட்டு முடித்ததும் நிலவன் ஸ்பேனரைத் திருகிக்கொண்டே சொன்னான்.

"எங்கப்பாவுக்கும் ஒரு வாரம் வுட்டு ஒரு வாரம் நைட்டு ஷிப்ட் வரும் மிஸ். அப்போ எங்கம்மா டிவி போடாது."

"எங்க ஷாகிரா மாமி ஆஸ்பத்திரில நைட்டு நர்ஸு" என்றது ஒரு குரல். "எங்க மேல் வூட்டு அக்கா மீன் ஏலத்துக்கு ரெண்டு மணிக்கே போவும்" என்றது இன்னொன்று.

அப்புறம் ரிஃபானா ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வெள்ளிக்கிழமை டியூஷன் நேரம் முழுக்க, இரண்டு பேர் இரண்டு பேராகப் பிரிந்து, பி பிளாக்கின் எண்பத்து நாலு கதவுகளையும் தட்டினார்கள். 'உங்க வூட்ல பகல்ல தூங்கறவங்க கீறாங்களா?' என்பதுதான் கேள்வி. மூன்று வீடுகளில், கதவைத் தட்டிய சத்தத்தில் எழுந்து வந்தவரே 'ஆமா, நான்தான்' என்று சொன்னார். அதன் பிறகு தட்டாமல், வாசலில் நின்று யாராவது வெளியே வரும்வரை காத்திருந்தார்கள்.

மொத்தம் பத்தொன்பது வீடுகள். ஊதா மார்க்கரால் ஷெர்லின் ஒவ்வொரு வீட்டின் மேலும் மூடிய கண் ஒன்று வரைந்தாள். பத்தொன்பது கண்ணும் வந்தபிறகு தள்ளி நின்று பார்த்தார்கள். தாங்கள் தினமும் கத்திக்கொண்டு ஓடுகிற அதே நாலு மணிக்கு, தலைக்கு மேலே பத்தொன்பது பேர் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"இங்க பாருங்கோ மிஸ்," என்றான் நிலவன். மோட்டார் ரூமுக்குப் பின்பக்கத்தை ஸ்பேனரால் தட்டினான். "இந்தப் பக்கம் ஒரு கண்ணு கூட இல்ல. ஜன்னலே இல்ல. வெறும் செவுருதான். இங்க ஆடுனா யாருக்கும் ஒண்ணியும் ஆவாது."

"அங்க முள்ளு கீதுடா," என்றாள் ஷெர்லின்.

"வெட்டிக்கலாம்."

 இரண்டு வருட வாய்ப்பாட்டில் இப்படி ஒரு விடை ரிஃபானா முன்னால் வந்து நின்றதில்லை.

சனிக்கிழமை கெங்கம்மா இடுப்பில் சாவியும் தோளில் அரிசிச் சாக்குமாக இறங்கி வந்தாள். மோட்டார் ரூம் வாசலில் சாக்கைக் கவிழ்த்தாள். இருபத்து மூன்று பந்துகளும் நாலா பக்கமும் ஓட, பிள்ளைகள் அதன் பின்னால் ஓடினார்கள். நிலவன் தன் மூன்றையும் கண்டுபிடித்து, பிறந்தநாள் பந்தைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டான். செருப்புக்கு மட்டும் கடைசிவரை உரிமையாளர் வரவில்லை.

ஷெர்லின் கறுப்புப் புள்ளியின் மேல் ஒரு வெள்ளைத் தாளை அளவாக வெட்டி ஒட்டினாள். அதன் மேல் மூடிய கண்ணை வரைந்தாள். கெங்கம்மா இடுப்பில் கைவைத்து உற்றுப் பார்த்தாள்.

"கண்ணு மட்டும் போட்டா பத்துமா? வாயும் போடு. தொறந்த மாரி போடு."

ஷெர்லின் போட்டாள். அஜீசா பக்கத்தில் 'கொர்' என்று எழுதச் சொன்னாள். அதையும் எழுதினாள். கெங்கம்மா அறைக் கதவைத் திறந்துவிட்டாள். பிள்ளைகளில் பாதிப்பேர் முள் வெட்டப் போய்விட்டதால் உள்ளே போக ஆளில்லை.

அன்றைக்குக் கோதண்டம் முழுசாகத் தூங்கி எழுந்திருந்தார். டூட்டிக்குக் கிளம்புவதற்கு முன்னால், தன் வீட்டைப் பற்றி ஊரே பேசுகிற படத்தைப் பார்க்க, தலை வாரி, சட்டைக்கு பட்டன் போட்டு இறங்கி வந்தார். முள் வெட்டப் போனவர்களும் ஓடி வந்து சேர்ந்தார்கள். அவர் ஏழாம் நம்பரைத் தேடிக் கண்டுபிடித்தார்.

"இன்னாது இது? நான் கொறட்ட வுடறனா?"

"ஆமா!" என்றார்கள் பதினாலு பேரும். கெங்கம்மாவும் சேர்ந்து சொன்னாள்.

அவர் தலையைச் சொறிந்துகொண்டு படத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். வலது ஓரத்தில், மதில் சுவருக்கு அப்பால் நின்றார். "இங்க ஏன் ஒண்ணியும் போடாம வெள்ளையா வுட்டுகீறீங்கோ?"

"அது ஹார்பர் பெரிப்பா," என்றாள் ஷெர்லின். "செவுரு வரிக்கும்தான் எங்களுக்குத் தெரியும். உள்ள நாங்க போனதில்ல. இருக்கிறதைத்தான் போடணும்."

கோதண்டம் கையை நீட்டினார். ஷெர்லின் கொஞ்சம் தயங்கிவிட்டு மார்க்கரைக் கொடுத்தாள். அவர் வெள்ளையில் நாலு காலை வரைந்து, மேலே ஒரு கட்டையைப் போட்டு, கட்டைக்குக் கீழே தீப்பெட்டி மாதிரி ஒன்றைத் தொங்கவிட்டார். "இதுதான் கிரேன். இந்தக் கூண்டுலதான் நான் குந்துவேன். கீழ கண்ணாடி. காலுக்கு அடில கப்பலு தெரியும்."

பிள்ளைகள் நெருங்கி வந்தார்கள். நிலவன் கையைத் தூக்கினான்.

"பெரிப்பா, அம்மாம் ஒசரத்துல குந்திகினு கீறப்போ அவசரமா ஒண்ணுக்கு வந்துட்சின்னா இன்னா பண்ணுவீங்கோ?"

"டேய்!" என்றாள் ரிஃபானா.

கோதண்டம் நிலவனையே பார்த்தார். பிறகு அவர் வயிறு குலுங்க ஆரம்பித்தது. "இருவத்தி ரெண்டு வருசமா வண்டி ஓட்டறேன் டீச்சர். சூபர்வைசர் கேட்டதில்ல, யூனியன் கேட்டதில்ல. இவளும் கேட்டதில்ல."

"அதெல்லாமா கேப்பாங்கோ?" என்றாள் கெங்கம்மா. ஆனால் அவளும் பதிலுக்குக் காத்திருந்தாள்.

"ஏறதுக்கு மின்னாடியே போய்ட்டுதான் ஏறணும். அப்பிடியும் நடுவுல வந்துட்சின்னா வாக்கி டாக்கில சொல்லிட்டு எறங்கணும். எறங்கிப் போய்ட்டு ஏறி வர்றதுக்குள்ள கீழ லாரி லாரியா லைன் கட்டி நிக்கும். அவ்ளோ டிரைவரும் ஆரன் அடிப்பான்."

அடுத்த ஐந்து நிமிடத்துக்கு அங்கே யாராலும் பேச முடியவில்லை. அஜீசா தரையில் உட்கார்ந்து சிரித்தாள். கன்டெய்னர் லாரிகள் மெயின் ரோட்டில் மணிக்கணக்காக நிற்பதை அவர்கள் பிறந்ததிலிருந்து பார்த்துவருகிறார்கள். அதற்கு இப்படி ஒரு காரணமும் இருக்கலாம் என்று யாரும் சொன்னதில்லை.

ஷெர்லின்தான் முதலில் சிரிப்பை அடக்கினாள். புதிதாக ஒரு மார்க்கரின் மூடியைக் கழற்றினாள். "அந்த பாத்ரூம் எங்க கீது பெரிப்பா? கரெக்ட்டா காட்டுங்கோ. போட்றலாம்."

அவர் யோசித்து ஓர் இடத்தில் விரல் வைத்தார். பிறகு இல்லை என்று கொஞ்சம் தள்ளி வைத்தார். நிலவன் கிரேனிலிருந்து அந்த இடம்வரை ஸ்பேனரால் அளந்து, "ரெண்டர ஸ்பேனர்" என்று அறிவித்தான். அதற்குள் மணி ஆறரை ஆகிவிட்டது. கெங்கம்மா டிபன் பையை அவர் கையில் திணித்து, "பேசிகினே நின்னா ஹார்பர் பஸ்ஸு உனுக்காக நிக்குமா?" என்று முதுகில் கைவைத்துத் தள்ளினாள்.

கோதண்டம் டிபன் பையை இடுக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனார். அவர் ரோட்டு முனையைத் தாண்டுகிற நேரத்தில், நிலவன் மோட்டார் ரூம் திட்டின் மேல் ஏறி நின்று, நாலு பிளாக்குக்கும் கேட்கிற மாதிரி கத்தினான்.

"பெரிப்பா! போய்ட்டு ஏறுங்கோ!"